கஸ்தூரி அக்காவின் பதிலை அழிக்க மாட்டேன்

செய்தி எங்கள் வேலைக் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. காலை எட்டே முக்கால் இருக்கும். செங்கல்பட்டுக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். கஸ்தூரி விடியற்காலையில் தவறிவிட்டார், நெம்மேலியில் அவர் வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று பிரபாகர் சார் போட்டிருந்தார். அதற்குக் கீழே ஒன்பது கட்டைவிரல்கள் நிமிர்ந்து நின்றன. எங்கள் குழுவில் எது வந்தாலும், பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாகக் கட்டைவிரல் வைக்க வேண்டும். மின்சாரம் இல்லை என்றாலும் கட்டைவிரல், நாளை விடுமுறை என்றாலும் கட்டைவிரல். பழக்கத்தில் எல்லோரும் வைத்துவிட்டார்கள். பத்தாவது விரல் என்னுடையது. வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

அக்கா பார்த்திருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டார். "நா செத்ததுக்கும் ஒத்துக்கினியா ஜெனி?" என்றுதான் கேட்டிருப்பார்.

மூன்று நாள் காய்ச்சல். டெங்கு என்று தெரிந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். சேர்த்த மறுநாளே முடிந்துவிட்டது. வயது முப்பத்து நான்கு.

பதினாறாம் நாளன்று நெம்மேலி பேருந்து நிறுத்தத்தில் அக்காவின் படத்தோடு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். நாங்கள் வேலை பார்க்கும் அறையிலிருந்தும் அதற்கு ஒரு வரி கேட்டார்கள். எங்களில் யாரோ ஒருவர், யார் மனமும் நோகாமல் நடந்தவர், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அது பெரிய எழுத்தில் அச்சாகிவிட்டது. நான் அதன் கீழே நின்று இரண்டு முறை படித்தேன். இதை எழுதுவது அந்த வரிக்காகத்தான்.

அந்த வரி பொய். கஸ்தூரி அக்கா எதிர்த்துப் பேசுவார். என் மனம் இரண்டு வருடம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நொந்தது. இறந்தவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்பதற்காக அவரிடம் இல்லாத சாதுத்தனத்தை அவர்மேல் போர்த்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் குரல் வராமல், ஒரு நாள் அப்படியே போகாமல் இருந்துவிட்டேன். எழுதினால் தப்பு வரலாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

நெம்மேலியில் பலர், அக்கா செங்கல்பட்டில் என்ன வேலை பார்த்தாள் என்று என்னிடம் கேட்டார்கள். கம்ப்யூட்டர் வேலை என்பதற்கு மேல் வீட்டிலும் தெரிந்திருக்கவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் கடற்கரையில் படகுக்காரர்கள் பலரின் போனில் ஒரு ஆப் இருக்கிறது. காற்று எப்படி, அலை எப்படி, படகு எங்கே நிற்கிறது என்று காட்டும். அது சரியாக ஓடாதபோது அதிலேயே குறை எழுதலாம். ஆயிரக்கணக்கில் எழுதுகிறார்கள், நம் பேச்சில், பாதி தமிழும் பாதி இங்கிலீஷ் எழுத்துமாக. ஆப்பை எழுதுகிற இன்ஜினியர்களுக்கு அத்தனையையும் படிக்க நேரமில்லை. அதனால் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக் குழு, இந்தக் குறைகளைத் தானே படித்து, எது மென்பொருளின் பிழை, எதை உடனே திருத்த வேண்டும் என்று பிரித்துச் சொல்லும் ஏஐ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது. பிரபாகர் சார் அதில் ஆராய்ச்சி மாணவர். அந்த ஏஐக்கு முதலில் மனிதர்கள் படித்துப் பிரித்துக் காட்ட வேண்டும். அதுதான் எங்கள் வேலை. செங்கல்பட்டில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. ஒவ்வொரு குறைக்கும் நான்கு பொத்தான்கள்: கடும் பிழை, சிறு பிழை, வேண்டுகோள், குறை இல்லை. படித்து ஒன்றை அழுத்த வேண்டும். எங்கள் பேச்சில் அதற்கு லேபிள் போடுவது என்று பெயர்.

ஒரே குறையை இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவர் திரையை மற்றவர் பார்க்கக் கூடாது. அதற்காக ஜோடிகளை முதுகோடு முதுகாக உட்கார வைத்திருந்தார்கள். என் ஜோடி கஸ்தூரி அக்கா. இரண்டு வருடம் அவருடைய முதுகுக்கு என் முதுகைக் காட்டியபடிதான் உட்கார்ந்திருந்தேன். அவர் முகத்தைவிட அவர் நாற்காலியின் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். கடும் பிழை என்று அழுத்தும்போது அவர் பொத்தானைக் குத்துவார். அது கேட்டால் என் விரல் தயங்கும். நான் வேறு போட்டிருப்பேன்.

இரண்டு பேரின் பதில் வேறு வேறாக இருந்தால் வெள்ளிக்கிழமை மதியம் நாற்காலியைத் திருப்பி, எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். பஞ்சாயத்து என்போம். அந்த அறையில் எனக்குப் பயமான ஒரே நேரம் அதுதான். முதல் பஞ்சாயத்தில் நான் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தேன். அக்கா பட்டியலைத் திறந்ததுமே, நீங்கள் போட்டதே சரி, மாற்றிவிடுகிறேன் என்றேன். அடுத்ததற்கும் அதையே சொன்னேன். மூன்றாவதில் அவர் மடிக்கணினியை மூடிவிட்டார்.

"இன்னா ஜெனி, எதுக்கு ஒத்துக்கினே கீற? நா பெரியவன்றதுனாலயா?"

இல்லை அக்கா, நீங்கள் சொன்னதுதான் சரியாகத் தெரிகிறது என்றேன்.

"நா இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்லியே."

பக்கத்து ஜோடி சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் விடவில்லை. "நீ ஒத்துக்கினா நாம சீக்கிரம் வூட்டுக்குப் போலாம். எழுதுனானே அந்தாளு, அவன் குறை எங்க போவும்? நீ எதுக்கு அத அமுக்கின, அத சொல்லு. தப்பா இருந்தா இருந்துட்டுப் போவுது." நான் சொல்லவில்லை. அன்று ஏழு குறைகள் தீராமல் நின்றன. எல்லோரும் கீழே இறங்கிப் போன பிறகும் எதிரே உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. அழுததற்காகவும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. டிபன் டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கொடுத்து, அழுது முடித்துவிட்டுச் சொல், நான் இருக்கிறேன் என்றார். மனம் நோகாமல் நடப்பவர் செய்கிற காரியமா இது?

இந்த வேலைக்கு வருமுன் அக்கா எட்டு வருடம் மாமல்லபுரத்தில் ஒரு போன் சர்வீஸ் கடையின் முன்மேசையில் இருந்தவர். ரிப்பேர் செய்பவர் உள்ளே இருப்பார். வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டுச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவது இவர் வேலை. சீட்டில் தப்பாக எழுதினால் நல்ல பாகத்தைக் கழற்றிவிடுவார்கள். அதனால் ஆட்கள் குறை சொல்லும் விதம் அவருக்குத் தெரியும். இன்னது கெட்டுவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது நின்றுபோனபோது தான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றுதான் சொல்வார்கள் என்பார். முட்டுக்காட்டிலிருந்து ஒருவர் ஆப்பைப் பற்றி எழுதியதில் முக்கால்வாசி அவர் மச்சான் கல்யாணத்தைப் பற்றியே இருந்தது. நான் குறை இல்லை என்று போட்டேன். அக்கா அதே கல்யாணக் கதையின் நடுவிலிருந்து, போன் அழைப்பு வந்தால் ஆப் படகை நடுக்கடலில் காட்டுகிறது என்ற பிழையை உருவி எடுத்தார். இன்ஜினியர்கள் பார்த்தார்கள். பிழை இருந்தது.

இருமல் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த அறையில் இருந்தவர்கள் என்னைத் திட்டலாம். திட்டட்டும்.

ஜோடிகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று மாதாமாதம் ஒரு மதிப்பெண் வரும். அதிகம் ஒத்துப்போகும் ஜோடிகளுக்கே அடுத்த வேலை என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. அடுத்த வாரமே அறையில் எல்லோருக்கும் இருமல் வந்துவிட்டது. ஒரு இருமல் என்றால் கடும் பிழை, இரண்டு என்றால் சிறு பிழை. தொண்டையைச் செருமினால் குறை இல்லை. ஒரு ஜோடி அந்த மாதம் முழு மதிப்பெண் வாங்கியது. பிரபாகர் சார் மகிழ்ந்துபோய், எப்படி என்று பட்டியலைப் புரட்டியிருக்கிறார். யாரோ ஒரு படகுக்காரர் கை தவறி ஒரே ஒரு புள்ளியை மட்டும் அனுப்பியிருந்தார். அந்தப் புள்ளியையும் கடும் பிழை என்று இருவரும் ஒருமனதாகப் போட்டிருந்தார்கள்.

அது பிடிபடுவதற்கு முன், கடைசி மதிப்பெண்ணில் நின்றவர்கள் அக்காவும் நானும்தான். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். இந்த அறையை விட்டால் எனக்கு வெளியே போக ஒரு இடம் கிடையாது. ஒரு காலையில், தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு, மெதுவாக ஒரு தடவை இருமினேன். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா விதியை மீறி முழுதாகத் திரும்பிவிட்டார். அறை முழுக்கக் கேட்கும்படி, "இருமலா ஜெனி? மாத்திர வாங்கியாரட்டுமா? வூட்ல யாருக்காச்சும் ஒட்டிக்கப் போவுது" என்றார். எல்லா இருமலும் நின்றது. மதியம் மட்டும் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒண்ணாத் தப்புப் பண்ணா, அது தப்புன்னு எழுதி வெக்க ஆளே இல்லாம பூடும்."

அந்த வாக்கியத்தை அப்போது நான் அவமானத்தோடுதான் கேட்டேன். பிறகு அது எனக்கு வேறு இடத்தில் உதவியது.

எங்கள் பஞ்சாயத்துகளில் கடைசி வரை தீராமல் நின்றவற்றுள் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடப்பாக்கத்திலிருந்து வந்தது. பெயரை நீக்கிவிடுவார்கள், ஊர் மட்டும் இருக்கும். குறை இவ்வளவுதான்: "நேத்து காத்து காட்டுச்சி. இன்னிக்கி காட்டல. பரவால்ல, எங்களுக்குக் கடலு தெரியும்."

நான் குறை இல்லை என்று போட்டிருந்தேன். அக்கா கடும் பிழை என்று குத்தியிருந்தார். வெள்ளிக்கிழமை நாற்காலிகள் திரும்பின. அவர் தன் காரணத்தைச் சொன்னார். கடையில் சண்டை போடுகிறவர் மறுநாளும் வருவார். பரவாயில்லை என்று சிரித்துவிட்டுப் போனவர் திரும்பியே வர மாட்டார். இந்த ஆள் ஆப்பை நம்புவதை நிறுத்திவிட்டார். இனி அவர் எழுத மாட்டார். புயல் வருகிறது என்று ஆப் சொன்னாலும் பார்க்க மாட்டார். இதைவிடக் கடும் பிழை எது என்றார்.

அப்போது எனக்குள் என்ன நடந்தது என்று தெரியாது. வாய் திறந்துவிட்டது.

"இல்ல அக்கா. எங்க அம்மா பரவால்லன்னு சொன்னா, நெஜமாவே பரவால்லதான். ஆனா எல்லாரும் அம்மாவுக்கு உள்ள வலிக்குதுன்னு அவங்களே முடிவு பண்ணிக்கிறாங்க. இந்த ஆளு பரவால்லன்னு சொல்லிட்டாரு. நாம எதுக்கு அவரு மனசுக்குள்ள பூந்து பேசணும்? சொன்னத சொன்ன மாதிரி எடுத்துக்கணும்."

சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா என்னையே பார்த்தார். பிறகு மேசையை இரண்டு கையாலும் தட்டினார்.

"நல்லாக் கீது. ரொம்ப நல்லாக் கீது. ஆனா நா மாத்த மாட்டேன்."

"நானும் மாத்த மாட்டேன்" என்றேன்.

அன்று பேருந்து நிலையத்தில் எனக்குச் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்தார். அதைத் தின்னும்போதும் சண்டை போட்டோம். பேருந்து வந்தது, ஏறினார், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கடப்பாக்கத்துக்காரன் கடும் பிழைதான் என்று கத்தினார். நிறுத்தத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அப்படிப் பார்க்கப்பட்டது எனக்குக் கூச்சமாக இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் கடைசியாக அந்தக் குறையைத் திறப்போம், ஒருவரை ஒருவர் பார்ப்போம், மூடிவிடுவோம்.

அக்கா போய் இரண்டாவது வாரம் பிரபாகர் சார் என் எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் நல்லவர். நெம்மேலி வீட்டில் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவர். இந்த ஏஐயைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது என்றார். அக்காவுக்கும் எனக்கும் இடையே தீராமல் நிற்கும் குறைகள் நிறைய. இனிமேல் பேசித் தீர்க்கவும் வழியில்லை. அதனால் என் பதிலையே இறுதியாக வைத்துக்கொண்டு, கஸ்தூரியின் பதிலை அந்த இடங்களில் எடுத்துவிடலாமா என்று கேட்டார். எல்லோருக்கும் சுலபம், மதிப்பெண்ணும் உயரும் என்றார். என் பதில்தானே நிற்கப் போகிறது, நான் மகிழ்வேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"எடுக்கக் கூடாது சார்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. ஏன் என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுத் தன் மடிக்கணினியைத் திருப்பி ஒன்றைக் காட்டினார். ஏஐயை, அவர் பேச்சில் மாடலை, பழக்கிவிட்டு, தீராத குறைகளை அதனிடமே கொடுத்துப் பார்த்திருக்கிறார். கடப்பாக்கத்துக் குறைக்கு அது, குறை இல்லை என்று அடித்துச் சொல்லியிருந்தது. நூற்றில் ஒன்றுகூடச் சந்தேகம் இல்லாமல். "பாருங்க ஜெனி, மாடலும் உங்க பக்கம்தான்" என்றார்.

அது என்னோடு ஒத்துக்கொண்டது. எனக்குப் பிடிக்கவில்லை. முதல் பஞ்சாயத்தில் நான் அக்காவோடு ஒத்துக்கொண்ட மாதிரியே இருந்தது. ஏன் அதை அமுக்கினாய் என்று கேட்டால் அதற்கும் சொல்லத் தெரியாது.

ரெண்டு பேரும் ஒண்ணாத் தப்புப் பண்ணா என்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. எதை வைத்து அதைப் பழக்கினீர்கள் என்று கேட்டேன். நீங்கள் இருவரும் ஒத்துப்போன குறைகளை வைத்து என்றார். அப்படியானால் கஸ்தூரி அக்கா ஒத்துக்கொள்ளாத எதையும் அது பார்த்ததே இல்லை, அது எப்படி அவர் பக்கம் பேசும் என்றேன். என் குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. இரண்டு பேர் நாணயமாகப் படித்து, நாணயமாக வேறு வேறு போட்டிருக்கிறோம். இருமிப் போட்டதில்லை. ஒருவர் செத்துவிட்டார் என்பதற்காக அவர் சொன்னது தப்பாகிவிடாது. பேசித் தீர்க்க அவர் இல்லை என்றால், தீரவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

ஒரே குறைக்கு இரண்டு பதில் கொடுத்தால் மாடல் குழம்பும் என்றார் சார்.

"குழம்பட்டும் சார். நாங்களும் குழம்பினோம்."

அவர் எழுந்து கீழே போய்விட்டார். வேலை போயிற்று என்று நினைத்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்து இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார். ஒன்றை என் மேசையில் வைத்தார். தன் பேராசிரியரிடம் போனில் பேசியதாகச் சொன்னார். அவர் முதலில் மறுத்திருக்கிறார். பிறகு அந்தப் பட்டியலை அனுப்பச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் பதில் வந்தது. தீராத குறைகளை இரண்டு பதிலோடும் அப்படியே வைப்பது, ஏஐயையும் அந்த இரண்டோடு சேர்த்து மறுபடி பழக்கிப் பார்ப்பது. கட்டுரையை அந்தத் தேதிக்கு அனுப்பவில்லை. அதற்காகச் சார் என்மேல் கோபப்பட்டிருந்தால் அதில் நியாயம் உண்டு. காட்டிக்கொள்ளவில்லை.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. கட்டுரையில் எங்களை முதல் லேபிளர், இரண்டாம் லேபிளர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அப்படித்தான் எழுதுவது வழக்கமாம். இரண்டாம் லேபிளருக்குப் பெயர் உண்டு, நன்றி சொல்லும் இடத்திலாவது கஸ்தூரி, நெம்மேலி என்று போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். பார்க்கலாம் என்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கேட்கிறேன்.

அக்காவைத் தெரிந்தவர்களே, பேனரை அவிழ்க்கும்போது அந்த வரியையும் கைவிட்டுவிடுங்கள். அவர் எதிர்த்துப் பேசினார். முகம் தெரியாத ஒரு படகுக்காரர் எழுதிய இரண்டு வரிக்காக, எதிரே அழுதுகொண்டிருந்த பெண்ணோடு மாலை வரை மல்லுக்கு நின்றார். அன்பு என்று பேனரில் எழுதுவதானால் அது அதற்குத்தான் பொருந்தும்.

போன வெள்ளிக்கிழமை அறையில் எல்லோரும் போன பிறகு கடப்பாக்கத்துக் குறையைத் திறந்தேன். அவர் இல்லாத துக்கத்தில், ஒரு நிமிடம், என் பதிலைக் கடும் பிழை என்று மாற்றிவிடலாம் போலிருந்தது. அவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும் என்று தோன்றியது. விரல் பொத்தானுக்கு மேலே போய்விட்டது. அப்போது அக்காவின் குரல் எனக்கே கேட்டது, எதுக்கு ஒத்துக்கினே கீற என்று.

விரலை எடுத்துவிட்டேன். அந்தக் குறைக்கு நேரே அவர் பதில் கடும் பிழை. என் பதில் குறை இல்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்: காரணத்தைச் சொல்லிவிட்டு, மாற்ற மாட்டேன் என்று சொல்லும் வாய்.

நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அக்கா.